கொலைக்கதை படித்தால் என்ன குறைந்து போச்சு?

கடந்த இரண்டு மாதத்தில் நான் படித்தவை: சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ' (எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை), தேவனின் 'துப்பறியும் சாம்பு', ராஜேஷ்குமாரின் மாத நாவல்கள் ஏழு, அகதா கிறிஸ்டி இரண்டு, ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் நாவல் ஒன்று (ஆங்கிலத்தில்), வீட்டுக்காரம்மாவின் அலமாரியிலிருந்து ரமணிசந்திரன் மூன்று.

இந்தப் பட்டியலை வெளியில் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு சார்? ஏதாவது நல்ல விஷயமாப் படிக்கலாமே?" பூங்காவில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கிறார்கள், ஊரிலிருந்து வரும் மச்சினர் கேட்கிறார். கேட்கிறவர் கடைசியாக ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்து முடித்தது எப்போது என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. மரியாதை கருதி.

'நல்ல விஷயம்' என்பதில் இரண்டு கட்சி உண்டு. முதலாவது ஆன்மிகக் கட்சி. அறுபதைத் தாண்டினால் திருவாசகம், கீதை தவிர வேறெதையும் தொடக்கூடாது என்பது இவர்கள் சட்டம். இவர்களுக்கு ஒரு செய்தி. துப்பறியும் கதை எழுதுவதற்கு 1929இல் பத்துக் கட்டளைகள் வகுத்துக் கொடுத்தவர் ரொனால்ட் நாக்ஸ் என்கிற கத்தோலிக்கப் பாதிரியார். அதே கையால் பின்னாளில் முழு பைபிளையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். ஒரு கையில் வேதம், மறு கையில் கொலைக்கதை என்று அவரால் இருக்க முடிந்தது. எனக்கு மட்டும் என்ன தடை? நம் ஊரிலும் வடுவூர் துரைசாமி ஐயங்கார் படைத்த துப்பறிகிறவர் பெயரே திகம்பர சாமியார்தான்! 1950இல் படமாக வந்தபோது நம்பியார் விதவிதமான வேஷத்தில் வந்து அசத்தினாரே, நினைவிருக்கிறதா?

இரண்டாவது, இலக்கியக் கட்சி. இவர்கள் கொஞ்சம் ஆபத்தானவர்கள், ஏனென்றால் படித்தவர்கள். மாத நாவலைக் குப்பை என்று ஒரே வார்த்தையில் தள்ளுவார்கள். எதையும் படிக்காமல் தள்ளுவதுதான் வேடிக்கை. படித்துவிட்டுத் திட்டினால் நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். நாக்ஸ் பாதிரியாரின் முதல் கட்டளை, குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வாசகன் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்பது. நம் மாத நாவல்கள் பலவற்றில் கடைசி நாலு பக்கம் இருக்கும்போது ஒரு புது ஆள் வந்து, "நான்தான் செய்தேன்" என்று மூச்சு விடாமல் ஒப்புக்கொள்கிறான். அது ஏமாற்று வேலை. காசு கொடுத்து வாங்கிய வாசகன் அதைச் சொல்லலாம். ஆனால் ஒரு வகையையே குப்பை என்பது விமர்சனம் ஆகாது, சோம்பல்.

ஹிகாஷினோவின் 'டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். கொலை ஆரம்பத்திலேயே நம் கண் முன்னால் நடந்துவிடுகிறது. துன்புறுத்த வந்த முன்னாள் கணவனை ஒரு தாயும் மகளும் கொன்றுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் அதை மறைக்க உதவுகிறார். யார் கொன்றது என்பது தெரிந்த பிறகும் கீழே வைக்க முடியவில்லை. வாத்தியார் ஏன் இவ்வளவு செய்கிறார் என்பதுதான் புதிர். அதற்குப் பதில் காதல். எப்படிப்பட்ட காதல் என்பதை நான் சொல்லப்போவதில்லை, படித்துக்கொள்ளுங்கள். இந்தக் கொலைக்கதைக்கு ஜப்பானில் நவோக்கி பரிசு கொடுத்து கௌரவித்தார்கள். நம் ஊரில் ஆயிரத்தைந்நூறு நாவலுக்கு மேல் எழுதிய கோயம்புத்தூர்க்காரருக்கு நாம் கொடுத்தது உதட்டுப் பிதுக்கல். 2008இல் சென்னையிலிருக்கும் 'பிளாஃப்ட்' பதிப்பகம் ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், ரமணிசந்திரன் கதைகளையெல்லாம் ஆங்கிலத்தில் தொகுத்துப் போட்டது. அதற்குப் பிறகுதான் சிலருக்கு, "அடடே, நம்ம ஊர்ல இப்படியெல்லாம் எழுதியிருக்காங்களா!" என்று ஞானோதயம் வந்தது. டீக்கடையில் தொங்கினபோது கண்ணில் படவில்லை போலும்.

இதிலும் ஒரு ஓரவஞ்சனை உண்டு. துப்பறியும் கதை படிக்கிற ஆணுக்காவது 'மூளைக்கு வேலை' என்று ஒரு சாக்கு கிடைக்கும். காதல் கதை படிக்கிற பெண்ணுக்கு அதுவும் கிடையாது. எங்கள் குடியிருப்பில் முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஓர் அம்மையார், ரமணிசந்திரன் நாவலுக்கு நாளிதழில் அட்டை போட்டுப் படிக்கிறார். ஏன் என்று கேட்டேன். "மருமகன் பார்த்தா சிரிப்பார் சார்" என்றார். அந்த மருமகன், ஒரே ஆள் நாற்பது பேரை அடிக்கிற படத்தை முதல் நாளே போய்ப் பார்க்கிறவர். அதற்கு அவர் அட்டை ஏதும் போட்டுக்கொள்வதில்லை!

நான் படித்த மூன்றிலும் குறை இருக்கிறது. நாயகனும் நாயகியும் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசினால் பாதிக் கதை முடிந்துவிடும். ஆனால் யோசித்துப் பார்த்தால் எத்தனை வீட்டில் அந்தப் பத்து நிமிஷப் பேச்சு நடக்காமலே நாற்பது வருஷம் ஓடியிருக்கிறது? அந்தப் பெண்கள் அந்தப் புத்தகத்தில் எதைத் தேடுகிறார்கள் என்று சிரிக்கிறவர்கள் கேட்டுப் பார்க்கட்டும்.

சரி, யாரோ ஏளனம் செய்தால் என்ன, காதில் வாங்காமல் போகலாமே என்பீர்கள். போகலாம்தான். ஆனால் ஏளனம் பேச்சோடு நிற்பதில்லை. நான் வழக்கமாகப் போகும் ஒரு கிளை நூலகத்தில், யாரோ புண்ணியவான் அன்பளிப்பாகக் கொடுத்த பைண்டு தொகுப்புகள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, வரிசை மாறாமல் அடுக்கி, காலிகோ ஒட்டித் தைத்தவை. ஜெயராஜ் ஓவியத்தோடு சுஜாதா தொடர்கள் அதில் இருந்தன. இப்போது வரும் மறுபதிப்பில் கதை இருக்கும், அந்தப் படங்கள் பெரும்பாலும் இருக்காது. பொங்கலுக்குப் பிறகு போனேன், அலமாரி காலி. "பழசு சார், எடைக்குப் போட்டாச்சு. யார் படிக்கறாங்க?" என்றார்கள். நான் படிக்கிறேனே ஐயா! என்னோடு நாலைந்து பெரியவர்களும் படித்தார்கள். போட்டித் தேர்வுப் புத்தகம் வேண்டாம் என்று யார் சொன்னது? ஒரு மூலையில் இதற்கும் இடம் இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டுமே.

இதே ஊரில்தான் கோட்டையூர் ரோஜா முத்தையா என்பவரும் வாழ்ந்தார். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். உயர்ந்தது தாழ்ந்தது பார்க்காமல் அச்சில் வந்ததையெல்லாம் சேர்த்தார். அவர் காலத்துக்குப் பிறகு அந்தச் சேகரத்தை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை வைத்து 1994இல் அவர் பெயரிலேயே தொடங்கிய ஆராய்ச்சி நூலகம் இப்போது சென்னை தரமணியில் இருக்கிறது. எடைக்குப் போகாமல் தப்பியதைப் படிக்க இன்று ஆராய்ச்சியாளர்கள் அங்கே வருகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அம்மாவோ அத்தையோ பைண்டு பண்ணி வைத்த தொகுப்பு இருக்கலாம். பழைய பேப்பர்காரர் வருவதற்குள் இறக்கி, தூசி தட்டி, எந்தப் பத்திரிகை, எந்த வருஷம் என்று பாருங்கள். வேண்டாதவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஆட்டோ பிடித்து வந்து நானே எடுத்துக்கொள்கிறேன்.