வளவும் கோழியும்

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அரசாங்க உத்தியோகத்தின் மேன்மையைக் கூற வந்தோர், தொழில்களுள் மிகத் தாழ்ந்தது எதுவெனத் தேடிக் கோழி மேய்த்தலைக் கண்டெடுத்தனர் போலும். ஆயின் 2022ஆம் ஆண்டு அப்பழமொழியைத் தலைகீழாக்கிவிட்டது. அந்நியச் செலாவணி வற்றி, உணவுப்பொருளும் எரிபொருளும் அருகிய அவ்வாண்டு ஜூன் மாதத்தில், அரசாங்க ஊழியர் தத்தம் வீட்டிற் பயிர் செய்யும் பொருட்டு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. கோறணமேந்தே தன் ஊழியரை வளவுக்கு அனுப்பிய விந்தையை நாம் கண்டோம்.

நோக்கம் நன்று, ஆனால் வளவு என்பது சில வெள்ளிக்கிழமைகளில் உருவாவதன்று. ஜூன் மாதம் எமது குடாநாட்டிற் சோளகம் வீசுங் காலம். வற்றாத ஆறில்லாத இந்நிலத்தில், மாரி மழை மண்ணுள் இறங்கித் தங்கிய நீரே கிணற்று நீர். அந்நீர் கீழே போய்க்கொண்டிருக்கும் வேளையிற் காற்று மேல்மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். அப்பொழுது வெறுநிலத்தைக் கொத்தி விதையிடுபவர் பெரிதும் பெறுவது களைப்பே. ஆனால் முருங்கையும் அகத்தியும் கறிவேம்பும் முன்னரே நின்ற வளவுகளில், நாலு ஊர்க்கோழி கிளறித் திரிந்த வீடுகளில், அடுக்களை முற்றாக வெறுமையாகவில்லை. அவ்வீட்டார் பஞ்சம் வருமென்று கணக்கிட்டு அவற்றைப் பேணினாரல்லர். அதில் இன்பங் கண்டார்கள். ஆதலால் நல்ல காலத்திலுங் கைவிடாதிருந்தார்கள். இன்பத்துக்காகப் பேணியது இடர்க்காலத்தில் உதவிற்று.

அவ்வின்பம் யாது? பருவத்தை எதிர்நோக்கி வாழும் இன்பம். சந்தையிற் பணமுள்ளவனுக்கு எப்பொழுதும் எல்லாம் உண்டு. வளவோ அதனதன் காலத்தில் அதனதனைத் தரும். அதனாலேயே அதன் சுவை பெரிது.

எமது வளவின் ஆண்டு புரட்டாதியிலே தொடங்குகின்றது எனலாம். முதல் மழை விழுந்ததும் வேலியின் இடைவெளிகளிற் பூவரசு, கிளுவைக் கதியால்களை நடுவோம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்றுமேடை அமைப்போம். இங்கேதான் கோழியோடு முதற் பிணக்கு. புதுமண் கண்ட கோழி சும்மா நில்லாது; காலையில் இட்ட விதை மாலையில் அதன் வயிற்றில் இருக்கும். நாற்றுமேடைக்கு முள்ளுக் கிளையோ பழைய மீன்வலையோ வேண்டும். செடி முழங்காலளவு வளரும்வரை பாத்திப் பக்கம் கோழியை விடலாகாது. பயிர் முடிந்தபின் அதே கோழியை அவிழ்த்துவிட்டால், புழுவையும் பூச்சிக் கூட்டையும் களை விதையையும் பொறுக்கித் தின்று நிலத்தைத் துப்புரவாக்கித் தரும்.

கார்த்திகை மழையில் வேலியெங்கும் முசுட்டை படரும். கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியுந் தழைக்கும். வளவுக்கு இது கொண்டாட்டக் காலம்; கோழிக்குச் சோதனைக் காலம். கூட்டின் தரை ஈரமானால், குஞ்சுகளைக் கொல்லும் இரத்தக் கழிச்சல் பரவும். உமியோ உலர்ந்த சருகோ பரப்பி, நனைந்தவுடன் மாற்றுதல் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் இராசவள்ளியைக் கிண்டி எடுப்போம். ஆவணியிற் பாத்தியிட்ட பனங்கொட்டைகள் தையிற் கிழங்காக வெளிவரும். கத்தரியும் பயிற்றையும் அயலவர்க்குங் கொடுத்து மிஞ்சும்.

பங்குனி வெயிலிற் கீரைகள் ஓயும்; முருங்கை காய்க்கத் தொடங்கும். கோழிகள் வாயைத் திறந்து இளைக்கும், முட்டை குறையும். நிழலில் ஒரு மண்சட்டி குளிர்ந்த நீர் அப்பொழுது தீனியினும் முக்கியமானது. வைகாசி முதலாகக் கறுத்தக்கொழும்பானும் விளாட்டும் பழுத்து விழும். விழுந்த பழத்தைச் சிறுவர் முந்துவரா, கோழி முந்துமா என்பது அக்காலத்துக் காலைப்பொழுதின் போட்டி.

பின்னர் ஆடி, ஆவணி. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிற் கொடியேறும் நாளை, பேட்டை அடைவைக்கும் நாளாகக் கொள்ளலாம். முன் பத்து நாளுக்குள் இட்ட முட்டைகளிற் பத்துப் பன்னிரண்டைத் தெரிந்து, பழைய கடகத்தில் மணல் பரப்பி வைத்தால், 21 நாளிற் குஞ்சு பொரிக்கும். தேர்த் திருவிழா 24ஆம் நாள். தேர் பார்க்கப் புறப்படும் பிள்ளைகள் புதுக்குஞ்சுகளைக் கண்டுவிட்டே போவார்கள். மச்சந் தவிர்க்கும் அந்நாட்களில் வீட்டில் முட்டைக்குத் தேவையுமில்லை. ஐப்பசி மழை வலுக்குமுன் குஞ்சுகளும் இறகு முளைத்துத் தேறிவிடும். கறையான் பிடித்த ஓலைத்துண்டைப் புரட்டிப் போட்டு, தாய்க்கோழி குஞ்சுகளை அழைக்கும் குரலைக் கேட்ட பிள்ளைக்கு உயிரியற் பாடத்தின் ஓர் அத்தியாயத்தை நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

இன்பத்தோடு சில கடமைகளும் உள. இராணிக்கேற்று நோய் புகுந்தால் ஓரிரு வாரத்திற் கூடு முழுவதும் வெறுமையாகும், வந்தபின் மருந்தில்லை. மிருக வைத்தியரிடம் கேட்டுக் காலத்தில் தடுப்பு மருந்து கொடுத்தல் வேண்டும். கோழி எருவில் நைதரசன் மிகுதி. பச்சையாக இட்டால் வேர் கருகும். சருகோடு கலந்து சில மாதம் மக்கவிட வேண்டும். அவ்வெருக்குழி கிணற்றுக்கு அண்மையில் இருத்தலாகாது. எமது நிலத்தின் கீழே இருப்பது வெடிப்பும் துளையுமுள்ள சுண்ணாம்புக்கல். மேலே மிகையாக இடும் எருவும் இரசாயனப் பசளையும் நைத்திரேற்றாகக் கிணற்றையே சென்றடையும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இக்கேடு ஏற்கெனவே காணப்பட்டுள்ளது.

சைவ உணவே கொள்வோர் கோழி வளர்க்கலாமா என்ற வினாவும் எழும். எருவுக்காகவும் பூச்சியை ஒழிக்கவும் வளர்ப்போர் உளர். எனினும் ஒன்றை மறைத்தல் முறையன்று: பொரிக்குங் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவல். அவற்றை என்ன செய்வதென்பதை அடைவைக்குமுன்னரே வீட்டார் கூடித் தீர்மானித்தல் வேண்டும். விற்றுவிட்டு, அவை போகுமிடத்தை அறியாதார்போல் இருத்தல் அறமாகாது. அதற்கு மனம் ஒவ்வாதார் அடைவையாது, பேடுகளை மாத்திரம் வாங்கி வளர்த்தல் நன்று.

இன்று பூவரச வேலி போய் மதில் எழுகின்றது. வேலியோடு குழையெருவும் முசுட்டையும் போயின. முற்றத்துக்குச் சீமெந்து பூசுவதை நாகரிகமென எண்ணுகிறோம். சீமெந்தின் மேல் விழும் மழை கிணற்றைச் சேராது தெருவுக்கு ஓடுகின்றது. 2021இல் இரசாயனப் பசளையின் இறக்குமதியைத் தடைசெய்து, அவ்வாண்டே அத்தடையை நீக்கினார்கள். 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை தருவித்தோம். இவை நேற்றைய செய்திகள். கடைகளிற் பொருள் நிறைந்ததும் நாம் அவற்றை மறக்கத் தொடங்கிவிட்டோம். பஞ்சத்தின் பயம் பஞ்சத்தோடு போய்விடும். வளவில் ஒருமுறை இன்பங் கண்ட மனமோ அதனை எளிதில் விடாது.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வரும் புரட்டாதியிற் பிள்ளையிடம் ஒரு பாத்தியையும் ஒரு பேட்டையும் ஒப்படையுங்கள். விதையிட்ட நாளையும் முட்டையின் தொகையையும் மழை பெய்த நாட்களையும் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதிவரச் சொல்லுங்கள். பரீட்சைக்கு இடையூறு என்று அஞ்ச வேண்டியதில்லை. காலையிற் கால் மணி, மாலையிற் கால் மணி போதும். அவன் வளர்ந்து உத்தியோகத்துக்குப் போகட்டும், கோறணமேந்துக்கே போகட்டும். மாலையில் வீடு திரும்பியதுங் கூட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம் அவனோடு இருந்தாற் போதும்.