சிவப்பு மூக்கும் சிவனார் குடுமியும்

டிசம்பர் பிறந்தால் போதும், புத்தகக் கடைகளில் கிறிஸ்துமஸ் படப் புத்தகங்கள் வந்து இறங்கிவிடுகின்றன. கான்வென்டில் படிக்கும் குழந்தை இருக்கிற வீட்டில், மதம் எதுவானாலும், அவற்றில் ஒன்றாவது நுழைந்துவிடும். அப்படி நுழைகிறவர்களில் பிரபலமானவர் ஒருவர் உண்டு. ருடால்ஃப் என்ற பனிமான்தான் அவர்!

கதை சின்னதுதான். ருடால்ஃபுக்கு மூக்கு மட்டும் சிவப்பாக விளக்குப் போல எரியும். மற்ற மான்கள் கேலி செய்து சிரிக்கும். ஒரு கிறிஸ்துமஸ் இரவில் மூடுபனி கவிந்து வழி தெரியாமல் போக, கிறிஸ்துமஸ் தாத்தா அந்த மூக்கொளியைக் கண்டு ருடால்ஃபையே வண்டிக்கு முன்னால் பூட்டுகிறார். கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போகிறார்கள்.

இது பிறந்தது 1939-ல், அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில். ஒரு பெரிய வியாபார நிறுவனம், கடைக்கு வரும் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு கதை எழுதும்படி தன் விளம்பரப் பகுதியில் வேலை பார்த்த ராபர்ட் மே என்பவரிடம் சொன்னது. சிறு வயதில் ஒல்லியாகவும் கூச்ச சுபாவத்தோடும் இருந்து, கேலிக்கு ஆளானவர் அவர். ‘சிவப்பு மூக்கா? குடிகாரன் மூக்கு என்பார்களே!’ என்று மேலதிகாரி தயங்கினாராம். எழுதிக்கொண்டிருக்கும்போதே மேயின் மனைவி நோயில் காலமானார். நாலு வயது மகளுக்குப் படித்துக் காட்டியபடியே கதையை முடித்தார். அந்த வருஷமே 24 லட்சம் பிரதிகள் போயின!

சகோதரிகளே, இவ்வளவு நல்ல கதையில் எனக்கு ஒரு குறை உண்டு. அன்றைக்கு மூடுபனி வராமல் இருந்திருந்தால்? ருடால்ஃப் கடைசி வரைக்கும் ஒதுக்கப்பட்டவனாகத்தானே இருந்திருப்பான்? ‘உன்னால் உபயோகம் உண்டானால் உன்னைச் சேர்த்துக்கொள்வோம்’ என்றல்லவா ஆகிவிடுகிறது!

இதற்கு மாற்று மருந்து நம் ஊர்க் கதை ஒன்றில் இருக்கிறது. குழந்தைக் கவிஞர் வள்ளியப்பாவையும் வாண்டுமாமாவையும் பெற்றெடுத்த புதுக்கோட்டைச் சீமையில், சங்கீதக் கல்வெட்டுக்குப் பேர்போன குடுமியான்மலை இருக்கிறதே, அந்த ஊரின் ஸ்தல புராணம்தான் அது.

சுவாமிக்குச் சாத்த வேண்டிய பூவை அர்ச்சகர் தம் பிரியமானவளுக்குச் சூட்டிவிட்டார். திடீரென்று ராஜா வந்து நிற்கவே, அவசரத்தில் அதே பூவை எடுத்துப் பிரசாதமாகக் கொடுத்தார். பூவில் ஒரு தலைமுடி! “இது ஏது?” என்றார் ராஜா. “சுவாமிக்குக் குடுமி உண்டு, மகாராஜா!” என்று அர்ச்சகர் துணிந்து புளுகிவிட்டார். ராஜா நேரில் பார்க்கக் கிளம்பினார். பார்த்தால், லிங்கத்தின் உச்சியில் நிஜமாகவே குடுமி! அதனால்தான் சுவாமிக்குச் சிகாநாதர் என்று திருநாமம். திருநலக்குன்றம் என்றிருந்த ஊருக்கும் குடுமியான்மலை என்று பெயர்.

பொய் சொல்வது தப்பு என்பதைக் குழந்தைக்கு மறுநாள் சொல்லிக்கொள்ளலாம்! நான் கவனிப்பது வேறு. அந்த அர்ச்சகரால் சுவாமிக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றுமில்லை. ‘இவன் நம்மவன்’ என்ற ஒரே காரணத்துக்காக, இல்லாத குடுமியைச் சுவாமி தம் தலையில் ஏற்றுக்கொண்டார்.

‘கறுப்பி’, ‘குள்ளன்’, ‘சோடாபுட்டி’ என்று பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வாங்கிக்கொண்டு வருகிற குழந்தைக்கு, “கறுப்பாயிருந்தால் என்ன, கணக்கிலே முதலாவது வருகிறாயே!” என்று நாமும் சமாதானம் சொல்கிறோம். அதுவும் ருடால்ஃப் சமாதானம்தான். அடுத்த பரீட்சையில் கணக்கு காலை வாரிவிட்டால் குழந்தை எங்கே போகும்?

ஆகையால், இந்த டிசம்பரில் அந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டும்போது, மூடுபனி வருகிற பக்கத்துக்கு முன்னால் சற்று நிறுத்துங்கள். “பனியே வராவிட்டாலும் இந்த மூக்கு அழகுதான், இல்லையா?” என்று கேளுங்கள். குழந்தை என்ன சொல்கிறது என்று பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பனி வந்த பிறகு கொண்டாட ஊரே வரும். அதற்கு முன்னாலேயே கொண்டாட வீட்டில் இருப்பவர்கள்தான் உண்டு.