கரும்பலகையும் நேரலையும்

நேரலை நடத்தினால் தொழிலுக்கு ஆள் வருமா என்று வவுனியாவிலிருந்து தையற்றொழில் செய்யும் சகோதரி ஒருவர் எமக்கு எழுதிக் கேட்டிருந்தார். அக்கடிதம் எமது மேசைமீது மூன்று கிழமை கிடந்தது. எமக்குத் தெரியாத விடயத்தில் வாய்திறப்பது முறையன்றென்று இருந்துவிட்டோம். பின்னர் ஒரு வியாழக்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்தில், எமது அயலிலுள்ள கணித ஆசிரியர் வீட்டு விறாந்தையில் அமர்ந்திருந்தபோது மறுமொழி எழுதலாமென்ற துணிவு பிறந்தது.

உள்ளறையில் ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அறையிலே மாணவர் ஒருவரும் இலர். ஒரு கரும்பலகையும், முக்காலியின்மேற் புத்தகங்களை அடுக்கி அவற்றின்மீது சாய்த்துவைத்த கைத்தொலைபேசியும், தலைக்குமேல் இரைந்து சுழலும் மின்விசிறியுமே இருந்தன. அவரோ நாற்பது பேர் முன்னிருப்பதுபோல இடமும் வலமும் பார்த்துப் பேசினார். முதல்முறை பார்க்கிறவர்க்குச் சிரிப்பு வரும். எமக்கும் வந்தது.

இவர் முன்னர் தமது வளவிற் கொட்டில் போட்டு அறுபது பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லியவர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கொட்டில் மூடப்பட்டது. மீண்டுந் திறந்தபோது பிள்ளைகளிற் பாதிப்பேர் பட்டணத்துப் பெரிய கல்வி நிலையங்களுக்குப் போய்விட்டனர். அங்கே குளிரூட்டியுண்டு, சந்திக்குச் சந்தி ஆசிரியர்களின் படம் பொறித்த பதாதையுண்டு. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் நின்ற காலத்தில் எஞ்சியோரும் குறைந்தனர். சென்ற ஆண்டு மகளின் தூண்டுதலால் முகநூலில் நேரலை தொடங்கினார். முதல்நாட் பார்த்தவர் நால்வர். அவருள் ஒருவர் அடுக்களையிலிருந்த மனைவியார். மற்றொருவர் கனடாவிலிருக்கும் தமக்கையார். பின்னவர் கணக்கில் ஒரு வரியும் விளங்காமலே இதயக்குறிகளை ஓயாது அனுப்பிக்கொண்டிருந்தாராம்.

தொழில் நாடுவோர்க்கு விளம்பரம் ஏன் இத்துணை வில்லங்கமாயிருக்கிறதென்று சிறிது எண்ணிப்பார்க்க வேண்டும். துணி வாங்குபவர் அதனைத் தடவிப் பார்க்கலாம்; மாம்பழம் வாங்குபவர் முகர்ந்து பார்க்கலாம். ஆசிரியரின் திறமையை, தையற்காரியின் கைப்பக்குவத்தை, மின்சார வேலைக்காரரின் கவனத்தை அவ்வாறு முன்கூட்டிப் பார்க்க இயலாது. பணத்தையும் நேரத்தையுங் கொடுத்தபின்னரே நல்லதா கெட்டதா என்று தெரியவரும். ‘சிறந்த பயிற்சி’ என்ற வாசகமோ எல்லாப் பதாதையிலும் ஒன்றாகவே இருக்கிறது. ஆகையாற் கண்ணெதிரே தொழிலைச் செய்துகாட்டச் சொல்வது பழையகாலத்து வழக்கம். கலியாண வீடுகளிற் பொன்னுருக்குச் சடங்கை எம்மவர் அறிவர். தாலிக்குரிய பொன்னைத் தட்டார் தமது பட்டறையில் உருக்கிக் கொண்டுவந்து தருவதில்லை. மாப்பிள்ளை வீட்டில், உற்றார் சூழ்ந்திருக்க உருக்குகிறார். அது மங்கலச் சடங்கேயாயினும் அதனுள்ளே ஒரு வியாபார நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறதென்பது எமது எண்ணம். நேரலை என்பது பொன்னுருக்கின் விறாந்தையை ஊரளவுக்கு அகட்டிவிட்டது, அவ்வளவே.

ஆயினும் வெறுமனே கண்ணெதிரே நின்றால் ஆள் வந்துவிடாது. எமது ஆசிரியருக்கு ஆறு கிழமையாக ஒருவரும் வரவில்லை. ஒவ்வொரு வியாழனும் முன்னரே மனனஞ் செய்த ஒரு கணக்கை அச்சுப்போலச் செய்து முடித்தார். பார்த்தவர் இருபது பேரளவில் வந்து, ஐந்து நிமிடத்திற் போய்விட்டனர்.

ஏழாங் கிழமை நிகழ்ந்ததை அவர் வாயாலேயே கேட்டோம். பாடம் கூட்டுவட்டி. 50,000 ரூபாவை ஆண்டுக்கு 12 வீதப்படி இரண்டு ஆண்டு வைப்பிலிட்டால் என்ன வரும் என்பது கணக்கு. முதலாண்டு வட்டி 6,000 என்று சரியாக எழுதினார். இரண்டாம் ஆண்டுக்கும் 6,000 என்று எழுதி, 62,000 என விடை கண்டு, அதன்கீழ் இரட்டைக் கோடும் போட்டுவிட்டார். அவ்வேளை திரையில் ஒரு பிள்ளையின் கேள்வி தோன்றியது: “சேர், ரெண்டாம் வருஷ வட்டியை எந்த முதலுக்குப் பாத்தனீங்கள்?”

அவருக்கு உடல் வியர்த்தது. நேரலையில் அழித்தெழுத இயலாது. பார்த்திருந்தவர் ஐம்பத்தாறு பேர். கைத்தொலைபேசியை அணைத்துவிட்டு, மின்சாரம் போய்விட்டதென்று பின்னர் சொல்லலாமா என்றுகூட ஒருகணம் நினைத்தாராம். அணைக்கவில்லை. “பிள்ளை, நீர் சரி, நான் பிழை” என்று சொல்லி, இரட்டைக் கோட்டை அழித்து, இரண்டாம் ஆண்டின் முதல் 56,000 என்பதையும், அதன் வட்டி 6,720 என்பதையும், விடை 62,720 என்பதையும் எழுதினார். அத்துடன் நிற்காமல், இந்த 720 ரூபா எங்கிருந்து வந்தது என்று கேட்டு, வட்டிக்கு வட்டி என்ற சங்கதியைக் கால்மணிநேரம் விளக்கினார். அன்றைய பாடமே அவர் நடத்தியவற்றுள் மிகச் சிறந்ததென்று பின்னர் மூன்று தாய்மார் தனித்தனியே வந்து சொன்னார்கள். வந்தவர்கள் பிள்ளைகளையும் உடன் கூட்டிவந்திருந்தார்கள்.

பிழைவிட்டமையாற் பிள்ளைகள் வந்தார்களென்று எவரும் கருதிவிடலாகாது. தமது பிள்ளை பிழைவிடும்போது இவர் எப்படி நடந்துகொள்வார் என்பதைத் தாய்மார் அன்று கண்டுகொண்டார்கள். அச்சடித்த துண்டுப்பிரசுரம் எதுவும் அதனைக் காட்டியிருக்க மாட்டாது. 1854இல் நியூயோர்க்குப் பொருட்காட்சியில் எலிசா ஓற்றிஸ் என்பவர், தாம் ஏறிநின்ற உயர்த்தி மேடையின் கயிற்றைப் பலர் பார்த்திருக்க அறுக்கச்செய்து, மேடை கீழே விழாமல் நிற்பதைக் காட்டினார். கயிறு உண்மையிலே அறுபட்டமையாலேயே சனங்கள் நம்பினார்கள்.

வகுப்பை இழந்த ஆசிரியர் நேரலைக்கு வந்த கதை எமதூருக்கு மட்டும் உரியதன்று. அது மாபெரும் அளவில் நிகழ்ந்த நாடு சீனா. 1993இல் யூ மின்ஹோங் என்பவர் பெய்ஜிங்கில் நிறுவிய ‘நியூ ஒரியன்ரல்’, தனியார் வகுப்பு நடத்துவதில் அந்நாட்டின் பெருநிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 2021 யூலையில் அரசு, கட்டாயக் கல்வி வகுப்புகளின் பாடங்களை இலாபநோக்கிற் கற்பிப்பதற்குத் தடைவிதித்தது. ஏறத்தாழ 60,000 பேரை வேலையினின்று நீக்க நேர்ந்ததென யூ மின்ஹோங் தாமே வெளியிட்டார். ஏறத்தாழ 80,000 சோடி மேசை கதிரைகள் கிராமப் பாடசாலைகளுக்கு நன்கொடையாகப் போயின. எஞ்சிய ஆசிரியர்களைக் கொண்டு அவர் 2021 டிசம்பரில் நேரலை வழியாகக் கமவிளைபொருள் விற்கத் தலைப்பட்டார். ஆசிரியர் அரிசி விற்பதா என்று நகைத்தோர் பலர். முதலிற் பார்த்தவரும் சிலரே.

2022 யூனில் நிலைமை தலைகீழாயிற்று. டொங் யூஹுய் என்ற இளம் ஆங்கில ஆசிரியர், சிறிய வெண்பலகையொன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரிசியையும் சோளத்தையும் காட்டும்போதே அவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களை எழுதிக் கற்பித்தார். சோளத்தைப் பற்றிப் பேசும்போது தமது கமக்காரப் பெற்றோரின் வாழ்வையும், இடையிடையே சரித்திரத்தையும் கவிதையையும் எடுத்துரைத்தார். கேட்கவந்தவர்கள் அரிசியும் வாங்கினார்கள். அம்மாதத்திலேயே அந்நேரலையைப் பின்தொடர்வோர் தொகை ஒரு கோடியைத் தாண்டியது.

கதை அங்கே முடியவில்லை. 2024 யூலையில் டொங் யூஹுய் அந்நிறுவனத்தை விட்டு விலகித் தனியே தொழில் நடத்தப் போனார். பார்த்தவர்களில் மிகப்பலருக்கு வேண்டியிருந்தது அந்த மனிதரே. சம்பளத்துக்கு ஓர் ஆளை அமர்த்தி நேரலையில் நிறுத்தலாமென எண்ணும் முதலாளிமார் இதனைக் கவனித்துக்கொள்வது நன்று. மற்றொரு செய்தியும் இங்கே நினைவுக்கு வருகிறது. 2020 ஏப்பிரல் முதலாந் திகதி வேயா என்ற சீனப் பெண்மணி, செய்மதியை விண்ணுக்கு ஏவிக்கொடுக்கும் சேவையையே நேரலையில் 4 கோடி யுவானுக்கு விற்றார். திகதியைப் பார்த்துப் பலரும் கேலியென்றே நினைத்தனர். வியாபாரமோ உண்மையாகவே நடந்தது. வவுனியாச் சகோதரி சேலைச் சட்டை தைப்பதைக் காட்டக் கூச வேண்டியதில்லை.

இனிச் சில நடைமுறை விவரங்கள். பலரும் வெளிச்சத்துக்கும் படக்கருவிக்கும் பணத்தைச் செலவழிக்கிறார்கள். முதலிற் கவனிக்க வேண்டியது ஒலி. படம் மங்கினாற் பொறுப்பார்கள். பேச்சு விளங்காவிட்டாற் போய்விடுவார்கள். சட்டையிற் கொழுவும் சிறிய ஒலிவாங்கி ஒன்று போதும். இணைய வேகத்தைப் பார்க்கும்போது இறக்கும் வேகத்தைப் பார்த்து மகிழலாகாது. எமது படம் வெளியே போவது ஏற்றும் வேகத்தைப் பொறுத்தது. விநாடிக்கு 3 மெகாபிற் வீதம் அனுப்பினால் ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 1.35 கிகாபைற் செலவாகும். மாத அட்டையிற் சிக்கனமாக வாழ்பவர் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். நாம் பேசுவது பார்ப்பவரைச் சென்றடையச் சில விநாடி முதல் அரைநிமிடம்வரை பிடிக்குமாதலால், கேள்வி கேட்டவுடன் “ஒருவரும் விடை சொல்லவில்லையே” என்று கோபிக்கலாகாது. எமது ஆசிரியர் அவ்வாறு பலமுறை கோபித்தார்.

முகநூலில் நேரலை தொடங்குவதற்கு, 2024 யூன் முதல், கணக்கு 60 நாட் பழையதாயும் பின்தொடர்வோர் 100 பேராயும் இருத்தல்வேண்டும் என்பது விதி. அங்கே 2025 பெப்ரவரி 19 முதல் நேரலைப் பதிவு 30 நாளுக்குமேல் வைக்கப்படுவதில்லை. வேண்டியவர் முன்னரே இறக்கி எடுத்துவைக்க வேண்டும். நாளையும் நேரத்தையும் மாற்றாதிருப்பது எல்லாவற்றிலும் முக்கியம். சந்தை கூடும் நாளை அடிக்கடி மாற்றினால் யார் வருவார்?

வருவாய் பற்றியும் ஒளிக்காமற் சொல்லிவிடுகிறோம். ஆண்டு முடிவில் ஆசிரியரின் நேரலையைக் கிழமைதோறும் பார்த்தவர் 200 பேரளவினர். அதனாற் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தவர் 11 பிள்ளைகள். அறுபது எங்கே, பதினொன்று எங்கே என்று சிலர் கேட்கலாம். அந்தப் பதினொரு பேரின் கட்டணத்தாலேயே கொட்டிலின் கூரைத் தகரம் மாற்றப்பட்டது.

அந்த ஆண்டின் நடுப்பகுதியில் நடந்த ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். தமது வகுப்பின் பயனை உலகறியச் செய்யவேண்டுமென்ற ஆசை ஆசிரியருக்கு ஒருநாள் எழுந்தது. தம்மிடம் படிக்கும் பையன் ஒருவனுடைய பெயரையும் ஊரையும் சொல்லி, “போன தவணை இவருக்குப் பதினெட்டுப் புள்ளி, இந்தத் தவணை ஐம்பத்துநாலு” என்று நேரலையிற் பெருமையோடு அறிவித்தார். இதயக்குறிகள் குவிந்தன. மறுநாட் பாடசாலையில் அந்தப் பையனுக்குப் ‘பதினெட்டு’ என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. அவன் வகுப்புக்கு வராது நின்றான்.

மூன்றாம் நாள் தாயார் படலையடிக்கு வந்தார். உள்ளே வரும்படி அழைத்தும் வரவில்லை. “சேர், அவன் ஐம்பத்துநாலு எடுத்தது எனக்குச் சந்தோசந்தான். ஆனா அந்தப் பதினெட்டை நான் என்ரை தாய்க்கும் சொல்லேல்லை” என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார்.

ஆசிரியர் பதிவை உடனே நீக்கினார். அதற்கு முன்னரே யாரோ ஒருவன் அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்துக் கைத்தொலைபேசிகளில் உலவவிட்டிருந்தான். அடுத்த வியாழன் நேரலையில் மன்னிப்புக் கேட்கப்போவதாக எம்மிடம் வந்தார். நாம் தடுத்தோம். அறியாதவர்க்கும் அறிவிப்பதாய், மறந்தவர்க்கும் நினைவூட்டுவதாய் அது முடியும். வீட்டுக்குப் போய்ப் பையனிடமே சொல்லும்படி கேட்டுக்கொண்டோம், போனார். தமது பிழையை ஊரார்முன் திருத்த அவருக்கு உரிமையிருந்தது. அந்தப் பதினெட்டுப் புள்ளி அவருடையதன்று.

தையற்காரச் சகோதரிக்கும் இதனையே எழுதியிருக்கிறோம். துணி வெட்டுவதைக் காட்டுங்கள், கோணிப்போன தையலைப் பிரித்துத் திருத்துவதையும் காட்டுங்கள். சட்டை தைக்கத் தந்த பெண்ணின் பெயரும் அளவும் உங்கள் கொப்பியோடு நிற்கட்டும் என்று.

பையன் இரண்டு கிழமை கழித்து வந்தான். கடைசி வாங்கில் இருக்கிறான். சென்ற வியாழனும் நாம் அந்த விறாந்தைக்குப் போயிருந்தோம். இரைச்சலென்று எல்லோரும் முறையிட்டமையால் மின்விசிறி நிறுத்தப்பட்டிருந்தது. ஆசிரியர் வியர்வை வழிய நின்று திரையிலே தோன்றிய கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்து விடை சொன்னார். கேட்டவர்களின் பெயரை வாசிக்கவில்லை.