மடிப்பின் விலை: மதியச் சோற்றுக்கான காகிதப் பை குறித்து

கோவண்டி ரயில் நிலையத்தின் ஒருபுறம் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். மறுபுறம் சிவாஜி நகர், பைங்கன்வாடி. அவற்றை ஒட்டி, 1927 முதல் மும்பையின் கழிவை வாங்கிக்கொண்டிருக்கும் தியோனார் குப்பைமேடு. நண்பகலில் இந்த வட்டாரத்தில் உணவு பல உருவங்களில் நடமாடுகிறது. துணிப்பையில் ஏறிய எவர்சில்வர் டப்பா, உணவகத்தில் கட்டிக்கொடுத்த பார்சல், காகிதத்தில் சுருட்டிய வடாபாவ். இவற்றுள் எது தின்றபின் வீடு திரும்புகிறது, எது குப்பைமேட்டுக்குப் போகிறது என்பதே மதிய உணவுப் பை பற்றிய எந்த ஆராய்ச்சிக்கும் முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

ஆனால் வடிவமைப்பு வகுப்புகளிலும் பள்ளிக் கண்காட்சிகளிலும் கேள்வி வேறாகவே தொடங்குகிறது. ‘மதிய உணவு எடுத்துச்செல்ல, மடித்து வைக்கத்தக்க காகிதப் பை ஒன்றை வடிவமைக்கவும்’ என்று மாணவருக்குப் பணி தரப்படுகிறது. காகிதம் என்பதும் மடிப்பு என்பதும் நல்லவை என்று முன்கூட்டியே முடிவாகிவிடுகின்றன. எஞ்சுவது அளவும் அழகும் மட்டுமே. அந்த முன்முடிவுகளையே ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது.

காகிதத்துக்கு இந்த நற்பெயர் சட்டத்தின் வழியாக வந்தது. மகாராஷ்டிர அரசு 2018 மார்ச் 23 அன்று பிளாஸ்டிக் தடை அறிவிக்கையை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்கள் தடைசெய்யப்பட்டன. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுதும் தடை வந்தது. அவ்வாண்டின் இறுதியிலிருந்து 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பைகளுக்கும் இடமில்லை என்றாயிற்று. பிளாஸ்டிக் காலிசெய்த இருக்கையில் காகிதம் வந்து அமர்ந்தது. அதுவரை கடைத்தெருவில் புழங்கிய காகிதமோ பெரும்பாலும் பழைய செய்தித்தாள். அச்சு மையின் நச்சு உணவில் இறங்கும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இலேயே எச்சரித்தது. 2018-இன் பொதியல் விதிமுறைகள் உணவைச் செய்தித்தாளில் பொதிவதையே விலக்கின. ஆகவே இன்று ‘காகிதப் பை’ என்றால், உணவுக்கென்றே புதிதாகச் செய்த, அச்சுப் படாத காகிதம் என்று பொருள். ஓசியில் கிடைத்த பழைய தாள் விலைகொடுத்து வாங்கும் சரக்காக மாறிவிட்டது.

மடிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. 1852-இல் அமெரிக்காவின் பிரான்சிஸ் வோல் காகிதப் பை செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பைகளுக்குத் தட்டையான அடி இல்லை. தட்டையடிப் பை வேண்டுமானால் கையால்தான் மடித்து ஒட்ட வேண்டும். காகிதப் பை ஆலை ஒன்றில் வேலைபார்த்த மார்கரெட் நைட், அந்தக் கைவேலையை இயந்திரத்துக்கு மாற்றினார். அவரது கண்டுபிடிப்பைத் தனதென்று உரிமைகோரிய ஒருவரை எதிர்த்து வழக்காடி வென்று, 1871-இல் காப்புரிமை பெற்றார். 1883-இல் சார்லஸ் ஸ்டில்வெல் பக்கவாட்டில் உள்மடிப்பு கொண்ட பைக்கான இயந்திரத்தை உருவாக்கினார். மளிகைக் கடையில் தட்டையாக அடுக்கிவைத்து, ஒரு உதறலில் விரித்து, தானே நிமிர்ந்து நிற்கச்செய்யும் பை அதுதான். இன்றைய மாணவரின் வரைபடங்களும் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பை மடிந்தது கடைக்காரருக்காக. ஆலையிலிருந்து கடைக்கு வரும் வழியில் இடத்தைச் சேமிப்பதற்காக. அது ஒருமுறை விரிந்தால் போதும். வாங்கியவர் அதைத் திரும்ப மடிப்பார் என்பது அதன் கணக்கிலேயே இல்லை. ‘மடிக்கத்தக்க பை’ என்ற பெயரில் இருவேறு பொருட்கள் ஒளிந்துகிடக்கின்றன. ஒன்று, ஒருமுறை விரிவதற்காக மடிந்திருப்பது. மற்றொன்று, நாள்தோறும் விரிந்து மடிவது. முதலாவதன் வடிவத்தை எடுத்து இரண்டாவதன் வேலையைச் செய்யச் சொல்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அந்தச் சிக்கல் கணிதத்திலும் உண்டு. மடிப்புக்கோடுகளில் மட்டுமே அசையும், வேறெங்கும் வளையாத தகடுகளால் ஆன பை ஒன்றை எண்ணிப்பார்க்கலாம். வழக்கமான கோடுகளைக் கொண்டு அதைத் தட்டையாக்கவே முடியாது என்று டெவின் பால்காம், எரிக் டெமைன், மார்ட்டின் டெமைன் ஆகியோர் காட்டினர். உயரமான பையும் அப்படி மடியும்படி வேறொரு கோட்டமைப்பை 2011-இல் வெய்னா வூ, சோங் யூ ஆகிய இருவரும் முன்வைத்தனர். அப்படியானால் கடைப் பை எப்படி மடிகிறது? காகிதம் கோடுகளுக்கு வெளியேயும் சற்று வளைந்து கொடுப்பதால். அந்த வளைவு ஒவ்வொரு முறையும் நாரைக் களைப்படையச் செய்கிறது. கோடுகள் சந்திக்கும் மூலையில்தான் முதல் துளை விழுகிறது.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். 14 செ.மீ. விட்டமுள்ள அடுக்கு டிபன் கேரியருக்கு, 16 செ.மீ. சதுர அடியும் 26 செ.மீ. உயரமும் கொண்ட பை தேவை என்று கொள்வோம். சுற்றளவு 64, ஒட்டுப்பட்டைக்கு 2, ஆக அகலம் 66 செ.மீ. மேல்விளிம்பை மடக்க 4, அடியை மூட 10, ஆக உயரம் 40 செ.மீ. சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள தாளில் இது ஏறத்தாழ 32 கிராம். அடி சதுரமாக இருப்பதால் இருபக்க உள்மடிப்புகளும் நடுவில் வந்து முட்டிக்கொள்கின்றன. எனவே தட்டையாக்கிய பையில் எங்கும் நான்கு அடுக்குத் தாள் இருக்கும். அதைச் சட்டைப்பைக்கு அடக்கமாக மீண்டும் குறுக்கே மடித்தால் நான்கு அடுக்கும் ஒன்றாக முறிகின்றன. தாள் எத்தனை இரட்டை மடிப்புகளைத் தாங்கும் என்று அளக்கும் சோதனை காகிதத் தொழிலில் நெடுங்காலமாக உண்டு. வகுப்பறை வடிவமைப்புகளில் அந்த எண்ணைக் கேட்பவர் அரிது.

பிறகு ஈரம். காகிதத்தின் உறுதி, நார்களுக்கு இடையிலான பிணைப்பில் இருக்கிறது. நீர் அந்தப் பிணைப்பை அவிழ்க்கிறது. ஈரத்தைத் தாங்கும் வேதிப்பொருள் சேர்க்காத தாள் முழுக்க நனைந்தால், உலர்நிலை வலிமையில் பத்தில் ஒரு பங்கும் மிஞ்சாது. சுடுசோற்றின் ஆவியும், மூடியோரம் கசியும் ரசமும், ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓயாத மும்பை மழையும், ஹார்பர் லைன் வண்டியின் நெரிசலும் சேர்ந்து நடத்தும் சோதனையை எந்த ஆய்வகமும் நடத்துவதில்லை. பிளாஸ்டிக் பூச்சுப் பூசினால் ஈரம் நிற்கும். ஆனால் அப்போது அது காகிதமாகவும் மறுசுழற்சிக்குப் போகாது, பிளாஸ்டிக்காகவும் போகாது. தமிழ்நாட்டின் தடைப்பட்டியலில் பூச்சுள்ள காகிதக் குவளைகளும் தட்டுகளும் இடம்பெற்றதற்குக் காரணம் இதுவே.

இன்னும் எளிமையான ஒரு தடையும் இருக்கிறது. டப்பாவில் உணவு கொண்டுபோகிறவருக்கு மடியும் பையால் வழியில் பயனேதுமில்லை. தின்று முடித்தாலும் டப்பா வீடு திரும்பியாக வேண்டும். அதைச் சுமக்கப் பை விரிந்தே இருக்க வேண்டும். பை காலியாவது வீட்டு அடுக்களையில்தான். வழியிலேயே பை காலியாவது, பொட்டலம் வாங்கித் தின்றுவிட்டு எதையும் திரும்பக் கொண்டுபோகாதவருக்கு. அவருக்கோ அதை மடித்து வைத்துக்கொள்ளக் காரணமில்லை. வினாத்தாள் கற்பனை செய்த பயனாளர், பையைத் திரும்ப மடித்துப் பத்திரப்படுத்தும் அந்த மனிதர், கோவண்டியின் நண்பகலில் தேடினாலும் எளிதில் அகப்படமாட்டார்.

தமிழ்ச் சொற்கள் இந்த வேறுபாட்டை வைத்திருக்கின்றன. பயணத்துக்கு எடுத்துப்போவது கட்டுச்சோறு. உணவகத்தில் ‘பார்சல்’ என்ற சொல் வந்து குடியேறியபின்னும் வினை மாறவில்லை, பார்சலும் ‘கட்டப்படுகிறது’. கட்டிய துணி அவிழ்ந்தபின் துண்டாகிறது. கட்டிய இலை மாட்டுக்குப் போகிறது. கட்டுக்கு முன்னும் பின்னும் அந்தப் பொருளுக்கு வேறொரு வாழ்வு இருந்தது. ஒட்டிய பைக்கு அத்தகைய முன்பிறவியும் இல்லை, மறுபிறவியும் இல்லை. 1890-இல் மகாதேவ் ஹவாஜி பச்சே தொடங்கியதாகக் கூறப்படும் மும்பை டப்பாவாலாக்களின் முறையும் இதையே உணர்த்துகிறது. உலகமே வியந்து படிக்கும் அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி, காலி டப்பா மாலைக்குள் வீடு திரும்புவதில் இருக்கிறது. உறையின் நேர்த்திக்கு அதில் பெரிய பங்கில்லை.

காகிதம் என்பதாலேயே சுற்றுச்சூழலுக்கு நன்மை என்பதும் ஆராயாத நம்பிக்கை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட வாழ்நாள் மதிப்பீட்டில், வெப்பமயமாதல் கணக்கில் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகக் காகிதப் பையைக் குறைந்தது 3 முறை பயன்படுத்த வேண்டும் என்று தெரியவந்தது. பருத்திப் பைக்கு அந்த எண் 131. அன்றாட மதிய உணவுக்குத் துணிப்பை ஓராண்டுக்குள் அந்த 131-ஐத் தாண்டிவிடும். காகிதப் பை குழம்புக்கறை படிந்தபின் மூன்றாம் நாளைக் காண்பதே அரிது. பிளாஸ்டிக் மக்காமல் கிடப்பதன் கேடு வேறு, அது அந்தக் கணக்கில் அடங்காது என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அந்த மறுப்பும் துணிக்குத்தான் வலுச்சேர்க்கிறது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது துணியைத்தான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, யார் மடிப்பது என்ற கேள்வி. சிறு முதலீட்டில் நடக்கும் காகிதப் பைத் தொழிலில் மடிப்பும் ஒட்டும் பெரும்பாலும் பெண்களின் வீட்டுவேலை, எண்ணிக்கைக்குக் கூலி. வடிவமைப்பாளர் அழகுக்காக இரண்டு மடிப்பைக் கூட்டினால், ஆயிரம் பைக்கு இரண்டாயிரம் கையசைவு கூடுகிறது. கூலி எண்ணிக்கைக்கே என்பதால் அந்த உழைப்புக்கு விலை விழுவதில்லை. வீடுசார் தொழிலாளருக்குப் பிற தொழிலாளர்க்குரிய உரிமைகளை வலியுறுத்தும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆம் உடன்படிக்கை 1996-இல் ஏற்கப்பட்டது. இந்தியா இன்றுவரை அதில் இணையவில்லை. மார்கரெட் நைட் இயந்திரத்தால் விடுவித்த கைவேலை, சுற்றுச்சூழலின் பெயரால் இங்கே மறுபடி வீட்டுத்திண்ணைக்கு வந்திருக்கிறது. அதை வேலைவாய்ப்பு என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது ஆய்வுலகுக்கு அழகில்லை.

2016 ஜனவரி இறுதியில் தியோனார் குப்பைமேடு எரிந்தபோது அந்தப் புகை செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தது. நகரம் அதைச் செய்தியாகப் படித்தது, கோவண்டி மூச்சாக இழுத்தது. தூக்கியெறியும் பொருளை மாற்றிவிட்டு, தூக்கியெறியும் பழக்கத்தை அப்படியே வைத்திருக்கும் எந்த வடிவமைப்பும் கடைசியில் இதே மேட்டுக்குத்தான் வந்துசேரும். எண்ணெய் தோய்ந்த தாளைத் தாராவியின் மறுசுழற்சிப் பட்டறைகளுக்கு விற்கவும் முடியாது என்பதால், குப்பை பொறுக்குபவரின் சாக்குக்குள்ளும் அதற்கு இடமில்லை.

காகிதப் பையைக் கைவிட வேண்டும் என்பது இதன் முடிவன்று. உலர் உணவுக்கு, சப்பாத்திக்கும் பாவுக்கும் பழத்துக்கும், பூச்சில்லாத தாள் பை பொருத்தமானதே. கரூர் அருகே காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்து காட்டியிருக்கிறது. மரத்தை மட்டுமே நம்பவேண்டிய கட்டாயமும் இல்லை. வேண்டுவது வினாத்தாளின் திருத்தம். உணவு ஈரமா உலர்வா? பாத்திரம் திரும்புமா? பை எத்தனை முறை மடியும்? ஒட்டுகிறவரின் கைக்கு எத்தனை அசைவு, அதற்கு என்ன கூலி? தின்றபின் அதை யார் எடுப்பார்? இந்த ஐந்துக்கும் விடை எழுதியபிறகே மாணவர் அளவுகோலைக் கையிலெடுக்க வேண்டும். சில வேளைகளில் நேர்மையான விடை ‘இங்கே பை தேவையில்லை, டப்பாவுக்கு ஒரு துணி போதும்’ என்பதாக இருக்கும். அந்த விடைக்கும் முழு மதிப்பெண் தரும் துணிவு வகுப்பறைக்கு வேண்டும்.

பவாயில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பு மையம் 1969 முதல் இயங்குகிறது. தியோனாரில் சமூக அறிவியல் நிறுவனம் குப்பைமேட்டின் அண்டைவீட்டுக்காரராகவே இருக்கிறது. ஒன்றுக்கு மடிப்பு தெரியும், மற்றொன்றுக்கு மனிதர்களைத் தெரியும். இரண்டும் சேர்ந்து கோவண்டியின் ஒரு நண்பகலை உட்கார்ந்து பார்த்தாலே போதும். அடுத்த ஆண்டின் வினா தானே மாறிவிடும்.