துடைப்பமும் அச்சும்

விருத்தாசலத்துச் செராமிக் தொழிற்பேட்டையில், வார்ப்பு வேலை நடக்கும் கொட்டகை ஒன்றில் அரைமணி நேரம் நின்று பார்த்தவருக்கு, நாம் அறிக்கைகளில் ஓயாது எழுதிவரும் தொழிற்பயிற்சி என்பதன் இயல்பு கண்ணெதிரே விளங்கிவிடும். நீரில் கரைத்த களிமண் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச உட்சுவரில் மண் ஏடு படிகிறது. தக்க கனம் ஏறியதும் மிச்சக் கூழை வடித்துவிட்டு, சிறிது பொறுத்து அச்சைப் பிரிக்கிறார்கள். அவசரப்பட்டவன் கையில் பொம்மை சரிந்துவிடும்; அதிகம் தாமதித்தால் விரிசல் காணும். ஆனால் சூளைக்குப் போகுமுன் கெட்ட உருப்படி எதுவாயினும் அதை மறுபடி தொட்டியில் கரைத்துக்கொள்ளலாம். கற்றுக்குட்டியின் பிழையை இவ்வளவு குறைந்த நஷ்டத்தோடு பொறுத்துக்கொள்ளும் தொழில்கள் அதிகம் இல்லை.

பக்கத்திலேயே நெய்வேலிச் சுரங்கத்துக் களிமண், ஊருக்குள்ளேயே செராமிக் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசுக் கல்வி நிலையம், அகல் விளக்கும் பொம்மையும் மின்சாதனப் பீங்கானும் செய்யும் சிறு பட்டறைகள் என இத்தனையும் ஒருங்கே அமைந்த ஊரில், சட்டத்துக்கு முரண்பட்ட சிறுவன் ஒருவனை இளைஞர் நீதிக் குழுமம் நேரே ஒரு பட்டறைக்கு அனுப்பிவிடலாமே என்று தோன்றுவது சகஜம். அவ்விதம் செய்வதற்கில்லை. தொழிற்சாலைச் சட்டத்தின் முதல் அட்டவணை கண்ணாடியையும் செராமிக்கையும் அபாயகரமான தொழில்களாகக் குறித்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 14 முதல் 18 வயது வரையுள்ளோரை அத்தகைய வேலையில் வைத்துக்கொள்வது குற்றம். தொழில் பழகுநர் சட்டமும் அபாயத் தொழில்களுக்கு 18 வயதையே வரம்பாக்கியுள்ளது. காரணம் மண்ணிலுள்ள சிலிக்கா. ஈர மண் தூசி எழுப்பாது. உலர்ந்த மண்ணைக் கலக்கும்போதும், காய்ந்த உருப்படியைச் சுரண்டிச் செப்பனிடும்போதும், தரையைக் கூட்டும்போதுமே அது நுரையீரலுக்குள் புகுந்து, ஒருமுறை வந்தால் தீராத வியாதியாகிறது. புதிதாக வந்த பையனிடம் எந்தப் பட்டறையிலும் முதலில் கொடுப்பது துடைப்பம் என்பதை நினைக்கும்போது மனம் பதைக்கிறது.

அதே துடைப்பம்தான் நமது சமூக சேவை உத்தரவுகளிலும் முதலில் வந்து நிற்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, ஒரு நிறுவனத்தின் அல்லது குறிப்பிட்ட ஒரு நபரின் மேற்பார்வையில் சமூக சேவை செய்யப் பணிக்கலாம் என்கிறது. 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள், 14 வயது கடந்தவர்க்கே அது என்று வரையறுத்து, பூங்காப் பராமரிப்போடு முதியோர்க்கும் மருத்துவமனைக்கும் உதவுவதையும் உதாரணமாகச் சொல்கின்றன. நாமோ பூங்காவோடு நின்றுவிடுகிறோம். சென்னை போன்ற மாநகரில் அதனால் பெரிய கேடில்லை. விருத்தாசலம் போன்ற ஊரில், பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு பையன் பள்ளி நேரத்தில் கூட்டிக்கொண்டு நின்றால், அவன் யார் வீட்டுப் பிள்ளை, எதற்காக நிற்கிறான் என்பது மாலைக்குள் தெரு முழுதும் பரவிவிடும். சிறுவனின் அடையாளம் வெளிவரலாகாது என்று 74ஆம் பிரிவு பத்திரிகைகளைத் தடுத்துக் காத்த ரகசியத்தை, குழுமத்தின் உத்தரவே தெருவில் விரித்துவைத்ததாகும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதையின்படி வயது வந்தோர்க்குச் சமூக சேவை ஒரு தண்டனையாகவே ஆகிவிட்ட நிலையில், அந்தத் தண்டனைப் பார்வை சிறுவர் விஷயத்திலும் ஒட்டிக்கொள்ளாதபடி நாம் இருமடங்கு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

குற்றம் செய்த பிள்ளையை ஒரு தொழிலாளியிடம் ஒப்படைத்துக் கைத்தொழில் பழக்கலாம் என்று இந்நாட்டில் 1850ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமே கூறியது. எஜமானின் லாபத்துக்குப் பிள்ளையின் உழைப்பு இரையாகக் கூடிய வழி அதில் இருந்ததை மறுப்பதற்கில்லை. எனினும், வேலையை விட வேலை தெரிந்த மனிதர் ஒருவரின் அருகாமையே அவனுக்குத் தேவை என்ற அதன் உட்பொருளை நாம் இழந்துவிட்டோம் என்பது என் அபிப்பிராயம். இளைஞர் நீதிச் சட்டம் ‘குறிப்பிட்ட நபர்’ என்று சொல்லும் இடத்தில் நம் உத்தரவுகளில் ஓர் அலுவலகத்தின் பெயர்தான் இருக்கிறது. அங்கே வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுபவருக்கு அவன் முகம் கூட நினைவிருப்பதில்லை.

ஆகவே நன்னடத்தை அலுவலர்களாகிய நம் வாசகர்களை நான் வேண்டுவது இது. சமூக விசாரணை அறிக்கை எழுதும்போதே, பையனுக்குக் கை வேலையில் நாட்டம் உண்டா, படம் வரைவானா, யாரிடம் நின்றால் நிற்பான் என்று கேட்டு எழுதுங்கள். தூசியும் சூளையும் இல்லாத வகுப்பறையில், ஈர மண்ணில் மாதிரி உரு பிடிக்கவும், அளவெடுக்கவும், அச்சுக்கு வரைபடம் போடவும் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து அவன் கற்க, தொழிற்பயிற்சிக்கு அனுப்ப இடம் தரும் அதே 18ஆம் பிரிவின் கீழ் உத்தரவு கேளுங்கள். சேவை செய்தே தீரவேண்டுமென்றால், முதியோர் இல்லத்தில் ஒரே ஒரு பெரியவரிடம் அவனை விடுங்கள். அங்கும் இங்கும் அவன் உதவிக்கும் படிப்புக்கும் வந்தவன் என்பதற்கு மேல் யாரும் அறிய வேண்டியதில்லை. 24ஆம் பிரிவு அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் வராமல் காக்கிறது.

பிறகு, அவனுக்குப் பதினெட்டு நிறையும் தேதியைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். குழந்தைகள் பராமரிப்பு இல்லத்தில் இருந்து வெளிவரும் பிள்ளையாயின் 21 வயது வரை பிற்காப்பு உதவிக்கு 46ஆம் பிரிவில் இடமுண்டு. பதினெட்டு நிறையும் அத்தேதிக்கு ஆறு மாதம் முன்பே, வார்ப்புக் கொட்டகையில் மூக்குறையும் ஈரத் துணியால் தரை துடைக்கும் வழக்கமும் உள்ள பட்டறை எது என்று நீங்களே நேரில் போய்ப் பார்த்து, அங்கு அச்சுப் பிரிக்கும் மூத்த தொழிலாளி ஒருவரிடம் பேசி வையுங்கள்.