தீவுக்குப் போகும் கணினியும் அதன் பொதிப் பட்டியலும்

லினக்ஸ் கணினியில் மென்பொருள் நிறுவ இரண்டு வழிகள் உண்டு. உருவாக்கியவரின் தளத்திலிருந்து கோப்பை இறக்கிக் கையால் நிறுவுவது ஒன்று. டெபியன், உபுண்டு போன்ற வழங்கல்களின் களஞ்சியத்திலிருந்து பொதி மேலாளர் வழியாகப் பெறுவது மற்றொன்று. சென்னையிலோ புதுச்சேரியிலோ இருப்பவருக்கு இது பழக்கத்தைப் பொறுத்த சிறு தேர்வு. அந்தமான் நிக்கோபாரில் களப்பணிக்குச் செல்லும் மொழி ஆய்வாளருக்கோ இதில் தேர்வே இல்லை என்று தோன்றிவிடுகிறது. 'தீவில் இணையம் நம்பகமில்லை. பொதி மேலாளருக்கு இணையம் வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் பென்டிரைவில் கொண்டுபோய்க் கையால் நிறுவ வேண்டியதுதான்.' கேட்பதற்குச் சரியான வாதம் போலவே இருக்கிறது. ஆனால் இதன் இரண்டாவது வாக்கியம் பிழையானது. அந்தப் பிழைக்கு ஆய்வு கொடுக்கும் விலை பெரிது.

முதல் வாக்கியத்தில் உண்மை உண்டு. சென்னையையும் போர்ட் பிளேரையும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் தொடங்கிவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வடம் வருமுன் தீவுகள் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. புவியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்குக் குறிப்பு ஏறி, இறங்கி, அதற்கான விடை மீண்டும் ஏறி இறங்க அரை நொடி ஆகும். அந்தக் குறுகிய அலைவரிசையைத் தீவு முழுவதும் பங்கிட்டுக்கொண்டது. அத்தகைய இணைப்பில் பெரிய பொதிகளை இறக்க முயன்றவர் சலித்துப்போனதில் வியப்பில்லை. வடம் வந்த பிறகும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. போர்ட் பிளேரைத் தவிர ஸ்வராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய ஏழு இடங்களை அது தொடுகிறது. கிரேட் அந்தமானிய மக்களின் குடியிருப்பு உள்ள ஸ்ட்ரெய்ட் தீவு அந்தப் பட்டியலில் இல்லை. வடம் கரையேறும் இடம் வேறு, மொழி பேசப்படும் இடம் வேறு.

இந்த நிலையில் கையால் நிறுவும் பழக்கம் எப்படி முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆய்வாளர் ஒலிப் பகுப்பாய்வுக்கான 'ப்ராட்', உரைக்குறிப்புக்கான 'ஈலான்', ஒலித்திருத்தத்துக்கான 'ஆடாசிட்டி' ஆகியவற்றின் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துச் செல்கிறார். அங்கே திறந்தால் ஒன்றுக்கு ஏதோ ஒரு நூலகக் கோப்பு இல்லை என்று கணினி சொல்கிறது. அந்த நூலகம் இன்னொரு நூலகத்தைக் கேட்கிறது. ஊரில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. தீவில், அடுத்த படகில் யாராவது எடுத்து வரும்வரை வேலை நின்றுவிடும். எப்படியோ நிறுவி முடித்த பின்பு எந்தக் கோப்பு எந்த அடைவில் போய் உட்கார்ந்தது, எந்தப் பதிப்பு, எந்த நாளில் இறக்கியது என்பதற்குப் பெரும்பாலும் எந்தக் குறிப்பும் இருப்பதில்லை. மூல நிரலைத் தொகுத்து நிறுவினால் நிலைமை இன்னும் மோசம். தொகுத்த அடைவை நீக்கிவிட்டால் அந்த மென்பொருளை முறையாக அகற்றும் வழியும் அதோடு போய்விடும்.

பொதி மேலாளரின் பெருமையாகப் பலரும் சொல்வது வசதியை: ஒரு கட்டளை போதும், சார்புகள் தாமாக வந்துவிடும் என்பார்கள். அது உண்மைதான் என்றாலும் இரண்டாம்பட்சம். அதன் உண்மையான பயன் பதிவேடு. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குச் செல்லும் கப்பலில் ஏறும் சரக்குக்கெல்லாம் பட்டியல் இருக்கிறது. எந்த மூட்டை யாருடையது, எங்கே இறங்க வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்லலாம். பொதி மேலாளரும் கணினிக்குள் ஏறிய ஒவ்வொரு கோப்பும் எந்தப் பொதியைச் சேர்ந்தது, எந்தப் பதிப்பு, எதைச் சார்ந்தது என்று எழுதி வைத்திருக்கிறது. கையால் நிறுவிய கணினி, பட்டியல் தொலைந்த கப்பல்.

பட்டியல் தொலைந்தால் என்ன என்று கேட்பவர்கள் கிரேட் அந்தமானிய மொழிகளின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். போ மொழியின் கடைசிப் பேச்சாளராக அறியப்பட்ட போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். அன்விதா அப்பி உள்ளிட்டோர் அதற்கு முன் செய்த ஒலிப்பதிவுகளே இன்று எஞ்சியுள்ளன. அப்பி தொகுத்த கிரேட் அந்தமானிய அகராதி 2012இல் வெளிவந்தது. தமிழ் உயிரொலி ஒன்றின் அளவீட்டில் ஐயம் எழுந்தால் தெருவில் இறங்கி இன்னொரு பேச்சாளரிடம் பதிவு செய்துகொள்ளலாம். அந்தமானில் அந்த வழி அடைபட்டுவிட்டது. பதிவை மீண்டும் செய்ய முடியாத இடத்தில் அளவீட்டையாவது மீண்டும் செய்ய முடிந்தாக வேண்டும். அதற்கு முதல் அளவீட்டைச் செய்த கருவி எதுவென்று தெரிய வேண்டும்.

கருவியின் பதிப்பு அளவீட்டை மாற்றுமா? மாற்றும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் புர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய ப்ராட், ஒலியியல் ஆய்வில் உலகெங்கும் புழங்குவது. 2023 நவம்பரில் வெளியான அதன் 6.4ஆம் பதிப்பில், குரலின் சுருதியைக் கணிக்கும் இயல்பிருப்பு முறையே மாறியது. கணிப்புக்கான கீழ் மேல் வரம்புகளும் மாறின. அதே ஆண்டு ஜூனில் வெளியான டெபியன் 12இன் களஞ்சியத்தில் இருப்பது இயல்பாகவே அதற்கு முந்தைய பதிப்பு. ஒரே துறையில் ஒரே ஒலிப்பதிவை, ஒருவர் களஞ்சியத்துப் ப்ராட்டிலும் மற்றவர் தளத்திலிருந்து கையால் இறக்கிய ப்ராட்டிலும் திறந்தால், எந்த அமைப்பையும் தொடாமலேயே இருவருக்கும் வெவ்வேறு சுருதிக் கோடுகள் கிடைக்கலாம். முதியவரின் கரகரத்த குரலில் இந்த வேறுபாடு கூடுதலாகவே தெரியக்கூடும். பழைய முறை புதிய பதிப்பிலும் இருக்கிறது, தேர்ந்துகொள்ளலாம். ஆனால் எதில் அளந்தோம் என்று தெரிந்தவரால்தான் தேர்ந்துகொள்ள முடியும்.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதம் எழும். களஞ்சியத்தில் இருப்பது பழைய பதிப்பு என்று இப்போதுதானே ஒப்புக்கொள்ளப்பட்டது? உண்மை. டெபியனின் நிலைப்பதிப்பு வேண்டுமென்றே மெதுவாக நகர்வது. மேலும் நெய்மேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஈலான், 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள் கொண்ட அந்தக் களஞ்சியத்தில் இல்லவே இல்லை. மொழி ஆவணப்படுத்தலில் ஈலான் இன்றி வேலை நடப்பதும் அரிது. ஆகவே கையால் நிறுவுவதை ஒழிக்க வேண்டும் என்பது மூடத்தனமான கோரிக்கை. ஈலானைக் கையால்தான் நிறுவ வேண்டும். நிறுவிய நாளில் பதிப்பு எண்ணை எழுதி, இறக்கிய மூலக்கோப்பை நீக்காமல் ஒலிப்பதிவுகளோடு சேர்த்து வைத்தால் போதும். விதிவிலக்கு இரண்டோ மூன்றோ என்றால் நினைவில் நிற்கும். எல்லாமே விதிவிலக்கானால் நினைவில் எதுவும் நிற்காது.

பழமை எப்போதும் குறையும் அன்று. 2024 மார்ச் 29 அன்று, 'எக்ஸ்இசட்' என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு வைத்திருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர் வெளிப்படுத்தினார். தொலைநுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்துப் பிடித்தார் அவர். அது டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் நுழைந்திருந்தது. களஞ்சியம் கோட்டையன்று என்பதற்கு அதுவே சான்று. ஆனால் நிலைப்பதிப்பை அது எட்டவில்லை. சோதனைக் கிளையில் இருந்தவர்களுக்கும் அடுத்த புதுப்பித்தலில் திருத்தம் வந்துசேர்ந்தது. அதே பதிப்பைத் தளத்திலிருந்து இறக்கிக் கையால் தொகுத்தவருக்கு எந்தப் புதுப்பித்தலும் வராது. செய்தியை அவரேதான் எங்காவது படித்தறிய வேண்டும்.

இனி, 'பொதி மேலாளருக்கு இணையம் வேண்டும்' என்ற அந்த இரண்டாவது வாக்கியம். பொதி மேலாளருக்கு வேண்டியது பொதிகள். அவை எந்த வழியில் வந்தன என்பது அதற்குப் பொருட்டே இல்லை. ரித்தேஷ் ராஜ் சராஃப் என்னும் டெபியன் மேம்பாட்டாளர் எழுதிய 'ஆப்ட் ஆஃப்லைன்' இதற்கெனவே இருக்கிறது. தீவுக் கணினி தனக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு சிறு கோப்பில் எழுதித் தரும். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் இணைப்புள்ள ஊருக்குக் கொண்டுபோய், வேறொரு கணினியில் கொடுத்தால் (அது விண்டோஸ் கணினியாகவும் இருக்கலாம்) சார்புகள் உட்பட அத்தனையும் இறங்கும். பென்டிரைவ் தீவுக்குத் திரும்பியதும் நிறுவலாம். பொதிப் பட்டியல் டெபியனின் மின்கையொப்பத்தோடு வருகிறது. ஒவ்வொரு பொதியின் சரிபார்ப்பு எண்ணும் அந்தப் பட்டியலில் உண்டு. எனவே இடையில் யார் கை மாறினாலும் கோப்பு மாறியிருந்தால் தெரிந்துவிடும். நூலகம் நூலகமாகத் தேடி அலைந்து, அடுத்த படகுக்குக் காத்திருக்கும் துன்பமும் இல்லை. பென்டிரைவில் கொண்டுபோவது தவறே இல்லை. எதைக் கொண்டுபோகிறோம் என்பதில்தான் தவறு நேர்கிறது.

பழைய பதிப்பே வேண்டுமென்றாலும் வழி உண்டு. டெபியன் தன் களஞ்சியத்தின் பழைய நிலைகளை நாள்வாரியாகச் சேமித்து வைக்கிறது. பத்தாண்டுக்கு முந்தைய ஒரு நாளில் எந்தப் ப்ராட் இருந்ததோ அதையே இன்றும் எடுக்கலாம், எந்த நாள் என்பது ஆய்வேட்டில் எழுதப்பட்டிருந்தால்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஒலிவாங்கியின் பெயர், மாதிரி வீதம், அறையின் தன்மை ஆகியவற்றை ஆய்வேட்டின் முறையியல் இயலில் எழுதச் சொல்லும் நெறியாளர்கள், கணினியில் என்ன இருந்தது என்று அரிதாகவே கேட்கிறார்கள். களப்பணி தொடங்கும் நாளிலும் முடியும் நாளிலும் பொதிப் பட்டியலை எடுத்து, கையால் நிறுவியவற்றின் விவரத்தையும் சேர்த்து, ஒலிப்பதிவுகளோடு ஆவணக் காப்பகத்தில் வைப்பதைப் பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்க வேண்டும். பட்டியல் எடுக்க ஒரு கட்டளை போதும். அந்தக் கோப்பு சில நூறு கிலோபைட்டைத் தாண்டாது. வடம் தொடாத தீவிலிருந்தும் அனுப்பிவிடலாம்.