வழிகளின் காவல்

கும்பகோணத்தில் 1904-ஆம் ஆண்டு ஸ்தாபிக்கப்பட்டு, காவிரிக் கரையிலிருந்து மெல்ல வளர்ந்து இன்று தேசத்தின் பல பாகங்களிலும் கிளைகள் கொண்டு விளங்கும் சிட்டி யூனியன் வங்கியில், 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 6-ஆம் தேதியன்று, அயல்நாட்டுப் பணப் பட்டுவாடாவுக்கான ஸ்விஃப்ட் அமைப்போடு இணைந்திருந்த அச்சுப்பொறி வேலை செய்யாமல் நின்றுபோயிற்று. காரியாலயங்களில் அச்சுப்பொறி நிற்பது சர்வசாதாரணமான சம்பவம். காகிதம் சிக்கியிருக்கலாம், கம்பி தளர்ந்திருக்கலாம் என்று எவரும் எண்ணுவது இயல்பே. மறுநாட் காலையில் கணக்குகளை ஒத்துப் பார்த்தபோதுதான், வங்கியின் உத்தியோகஸ்தர் எவரும் அனுப்பாத மூன்று பட்டுவாடா உத்தரவுகள் வங்கியின் பெயராலேயே வெளிதேசங்களுக்குச் சென்றிருக்கின்றன என்பதும், அவற்றின் மொத்தத் தொகை ஏறக்குறைய 20 லட்சம் டாலர் என்பதும் தெரிய வந்தன. துபாய்க்குப் புறப்பட்ட 5 லட்சம் டாலர் நடுவழியில் தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. மற்ற இரண்டும் துருக்கிக்கும் சீனாவுக்கும் சென்றவை. அச்சுப்பொறி தானாகப் பழுதுபடவில்லை. பணம் போன செய்தியை அது அச்சிட்டுவிடக் கூடாது என்பதற்காகவே திருடர்கள் அதன் வாயை அடைத்திருந்தார்கள்.

இதற்குச் சரியாக இரண்டு வருஷங்களுக்கு முன்பு, 2016-ஆம் ஆண்டின் அதே பிப்ரவரி மாதத்தில், டாக்காவிலுள்ள பங்களாதேஷ் மத்திய வங்கியிலும் இவ்வாறே ஓர் அச்சுப்பொறி நின்றது. அன்று வெள்ளிக்கிழமை, அந்நாட்டில் வார விடுமுறை. அச்சுப்பொறியைச் சரிசெய்து செய்திகளை எடுத்துப் பார்ப்பதற்குள் நியூயார்க்கில் வார விடுமுறை தொடங்கிவிட்டது. அதை அடுத்து வந்த திங்கட்கிழமை மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. நாட்காட்டியையே கருவியாகக் கொண்டு வகுக்கப்பட்ட அந்தச் சதியில், 35 உத்தரவுகளின் மூலம் ஏறக்குறைய 95 கோடி டாலரைக் கவர்ந்துவிடப் பிரயத்தனம் நடந்தது. இலங்கைக்குச் சென்ற 2 கோடி டாலர், பணம் பெறும் ஸ்தாபனத்தின் பெயரில் இருந்த ஓர் எழுத்துப் பிழையால் சந்தேகம் கிளம்பி மீட்கப்பட்டது. 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்து, அதில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. புலன் விசாரணை செய்த போலீஸ் அதிகாரி அதன் பின்னர் வெளியிட்ட விவரம்தான் என்னை வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது: ஒரு தேசத்தின் அந்நியச் செலாவணிக் கையிருப்பையே கையாளும் அந்த அறையின் கணினிகளுக்கு முன்னால் ஃபயர்வால் என்னும் தடுப்பு அரண் இல்லை; அவற்றை ஒன்றோடொன்று இணைத்தவை 10 டாலர் விலையில் வாங்கப்பட்ட பழைய ஸ்விட்சுகள்.

நெட்வொர்க் நிர்வாகம் என்றால் என்ன என்பதைப் பற்றி நம்முடைய வங்கிகளில், மேலிடத்திலும்கூட, நிலவும் எண்ணம் மிகவும் குறுகியது என்பது என் அபிப்பிராயம். லிங்க் போய்விட்டால் தொலைபேசியில் கூப்பிடவேண்டிய ஆள், வந்து மோடத்தை அணைத்துப் போட்டுவிட்டுப் போகிறவர், வருஷந்தோறும் செலவுப் பட்டியலில் ஒரு பெருந்தொகையைக் கேட்டு நிற்கும் பிரிவு என்ற அளவிலேயே அந்தப் பணி கருதப்படுகிறது. வழியைத் திறந்து வைப்பது அந்தப் பணியில் பாதிதான். எந்த வழி எதற்காகத் திறந்திருக்கிறது என்பதை அறிந்திருப்பதும், அதில் வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் நிகழ்கையில் அதைக் கண்டுகொள்வதும், அவசியம் நேரும்போது வழியைத் துணிந்து அடைப்பதும் மற்றப் பாதி. மேலே சொன்ன இரு வங்கிகளிலும் பழுதும் களவும் ஒரே முகத்தோடு வந்து நின்றன. அந்த முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது பழுதா, களவா என்று கேட்கக்கூடிய ஒருவர் இருக்கிறாரா என்பதே ஒரு வங்கியின் பாதுகாப்பை நிர்ணயிக்கிறது.

நம் தேசத்து வங்கிகள் இந்த வழிகளின் மேல் வந்து அமர்ந்தது அதிக காலத்துக்கு முன்பு அன்று. ரிசர்வ் வங்கி 1996-இல் ஹைதராபாத்தில் ஒரு தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, 1999-இல் வங்கிகளுக்கென்றே இன்ஃபினெட் என்னும் தனி நெட்வொர்க்கை ஏற்படுத்தியது; கட்டிடங்களின் மேல்தளத்தில் வானத்தை நோக்கிய விசாட் என்னும் செயற்கைக்கோள் தட்டுகள் அந்தக் காலத்தில் முளைத்தவையே. பெருந்தொகைகளை உடனுக்குடன் அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ். 2004-இலும், நெஃப்ட் 2005-இலும் வந்தன. அதற்குமுன் ஒவ்வொரு கிளையும் தன் லெட்ஜரையும் ரொக்கப் பெட்டியையும் வைத்துக்கொண்டு தானே ஒரு முழு வங்கியாக இயங்கிற்று. ஊருக்கு வெளியே தந்திக் கம்பம் சாய்ந்தாலும் உள்ளூர் வாடிக்கையாளருக்குப் பணம் கிடைத்தது. கோர் பேங்கிங் வந்தபின் கணக்கு கிளையில் இல்லை. எங்கோ தூரத்திலுள்ள தரவு மையத்தில் இருக்கிறது. கிளை என்பது அந்தக் கணக்கைப் பார்ப்பதற்கான ஜன்னல் மாத்திரமே.

அந்த ஜன்னல் சாத்திக்கொள்ளும் நாட்களில் யார் துன்பப்படுகிறார்கள் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மாதத்தின் முதல் வாரத்தில், பென்ஷன் வாங்குவதற்காகப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, பாஸ்புக்கை மடியில் வைத்துக்கொண்டு, "லிங்க் இல்லீங்க பாட்டி, மத்தியானமா வாங்க" என்ற பதிலைக் கேட்டு வேப்ப மரத்தடியில் போய் உட்காரும் முதியவர்களுக்கு, இது மின்னணு யுகத்தின் தாற்காலிகக் குறைபாடு என்று சொல்லிச் சமாதானம் செய்ய முடியாது. அவர்களுக்கு அது அன்றைய மருந்தும் அரிசியும். கூலியாட்களைக் காக்கவைத்துவிட்டு வந்த விவசாயிக்கு அது அன்றைய அறுப்புக் கூலி.

இதைத் தவிர்ப்பதற்காகத்தான் பல வங்கிகளில் ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு வழிகள் வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்: ஒரு கம்பெனியின் லீஸ்டு லைன் அறுந்தால் வேறொரு கம்பெனியின் லைன் உடனே பொறுப்பேற்க வேண்டும். காகிதத்தில் இது பூரணமான ஏற்பாடு. ஆனால் பிரத்தியட்சத்தில் அந்த இரண்டு கம்பெனிகளின் ஃபைபர் கேபிள்களும் சாலையோரத்தில் ஒரே பள்ளத்தில், ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். குடிநீர்க் குழாய்க்காகவோ சாலை விஸ்தரிப்புக்காகவோ மண்ணைத் தோண்ட வந்த ஜே.சி.பி. ஒரே கொத்தில் இரண்டையும் அறுத்துவிடும். இரண்டு பில்கள் கட்டியும் வங்கிக்கு இருந்தது ஒரே வழிதான். நல்ல நெட்வொர்க் மேலாளர் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் இரண்டு பெயர்களைப் பார்த்துத் திருப்தியடைய மாட்டார். கம்பி கிளையின் சுவரைவிட்டு வெளியேறும் துவாரத்திலிருந்து தொடங்கி, அது எந்தத் தெரு வழியாக, எந்த எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறது என்று விசாரிப்பார். முடிந்தால் இரண்டாவது வழியைக் கம்பியில்லாததாக, விசாட்டாகவோ கைப்பேசிக் கோபுரத்தின் வழியாகவோ அமைப்பார். அதோடு நில்லாமல், ஒன்றும் பழுதாகாத ஒரு சாதாரண நாளில் முதல் வழியைத் தாமே பிடுங்கிவிட்டு, இரண்டாவது உண்மையிலேயே விழித்துக்கொள்கிறதா என்று சோதித்துப் பார்ப்பார். இந்தச் சோதனையைச் செய்யத் துணிகிறவர்கள் குறைவு. செய்யும்போது ஏதேனும் நின்றுவிட்டால் பழி அவர்கள் தலையில் விழும் என்பதே காரணம். இந்த அச்சத்தை நீக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

இராத்திரி என்று ஒன்று நெட்வொர்க் பொறியாளர்களுக்கு முன்பு இருந்தது. கிளைகள் மூடி, நாள்கணக்கு முடிந்தபின் கிடைக்கும் அந்தச் சில மணி நேர அவகாசத்தில் ரவுட்டர்களை மாற்றுவார்கள், விதிகளைத் திருத்துவார்கள். 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் நெஃப்டும், 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி முதல் ஆர்.டி.ஜி.எஸ்.ஸும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கத் தொடங்கிவிட்டன, யு.பி.ஐ. பிறந்ததிலிருந்தே உறங்கியதில்லை. ஜனங்களுக்கு இது பெரும் சௌகரியம், சந்தேகமில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியிலேயே சக்கரத்தை மாற்ற வேண்டிய நிலை இவர்களுக்கு வாய்த்திருக்கிறது. சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியில் 2010-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி அதிகாலையில், தரவுச் சேமிப்புக் கருவியில் ஏற்பட்ட சிறு பழுதைச் சரிசெய்யும் வழக்கமான வேலையொன்று பழைய செய்முறைப்படி செய்யப்பட்டதால், வங்கி முழுவதும் ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஸ்தம்பித்தது, ஏ.டி.எம்.களும் நின்றன. அந்நாட்டு நாணய ஆணையம் வங்கியைக் கண்டித்ததோடு, கூடுதலாக 23 கோடி சிங்கப்பூர் டாலர் மூலதனத்தை ஒதுக்கி வைக்குமாறு கட்டளையிட்டது. யாரும் படையெடுத்து வரவில்லை. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட ஒரு மாற்றமே விபரீதத்துக்குக் காரணமாயிற்று. எந்த மாற்றத்தையும் எழுத்தில் வைத்து, வேறொருவர் கண்ணால் பார்த்து, பின்வாங்கும் வழியையும் முன்கூட்டியே வகுத்த பிறகே தொடவேண்டும் என்று மூத்த பொறியாளர்கள் பிடிவாதம் பிடிப்பதை இளைஞர்கள் தாமதம் என்று எண்ணுகிறார்கள். அந்தப் பிடிவாதத்தின் பக்கமே நான் நிற்கிறேன்.

காவலின் விஷயத்துக்கு வருவோம். நம்முடைய பெரிய கோயில்களில் வெளிக் கோபுரத்தைக் கடந்தவர் உடனே கர்ப்பக்கிருகத்துக்குள் நுழைந்துவிட முடியாது. பிராகாரத்துக்குப் பிராகாரம் ஒரு வாயிலும், வாயிலுக்கு வாயில் ஒரு நியதியும் உண்டு. வங்கியின் நெட்வொர்க்கும் அவ்வாறு அமைய வேண்டும் என்பது அத்துறையின் பாலபாடம். கிளையில் மின்னஞ்சல் படிக்கும் கணினி ஓரிடம், ஏ.டி.எம். வேறிடம், சுவரிலுள்ள கண்காணிப்புக் காமிரா வேறிடம், ஸ்விஃப்ட் அறை எல்லாவற்றுக்கும் உள்ளே. ஆனால் ஏதோ ஓர் அவசரத்தில், ஏதோ ஒரு கம்பெனியின் பொறியாளர் தூரத்திலிருந்து பழுது பார்ப்பதற்காக ஒரு சிறு வாயில் திறக்கப்படுகிறது. வேலை முடிந்ததும் அதை மூட மறந்துவிடுகிறார்கள். இப்படியே வருஷங்கள் கழிய, திறந்த வாயில்களின் கணக்கு யாருக்கும் தெரியாமல் போகிறது. அந்தக் கணக்கைச் சிரத்தையோடு வைத்திருப்பதும், காரணம் சொல்ல ஆளில்லாத வாயில்களை அடைப்பதும் நெட்வொர்க் நிர்வாகத்தின் மிகவும் அலுப்பான, மிகவும் அவசியமான காரியம்.

அதைப்போலவே, நெட்வொர்க்கின் அன்றாட சுபாவத்தை அறிந்திருக்கவேண்டும். இந்தக் கிளை காலை ஒன்பதே முக்காலுக்குப் பேச ஆரம்பிக்கும், மாலையில் அடங்கும், இந்த ஏ.டி.எம். சம்பள நாளில் இவ்வளவு பேசும் என்று அறிந்தவருக்கே, நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு கிளைக் கணினி அறியாத முகவரியோடு பேசுவது ஆபத்தாகத் தெரியும். 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, இத்தகைய இடைவிடாத கண்காணிப்பையும், அசம்பாவிதம் ஏதேனும் நிகழ்ந்தால் இரண்டு முதல் ஆறு மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிப்பதையும் வங்கிகளுக்குக் கட்டாயமாக்கியது. பல வங்கிகள் அதற்கென்று பெரிய திரைகள் பொருத்திய அறைகளை அமைத்துவிட்டன. ஆனால் அந்த அறையில் இரவுப் பணியில் இருப்பவர் பெரும்பாலும் ஓர் ஒப்பந்தக் கம்பெனியின் இளைஞர். சந்தேகம் தோன்றினால் யாரை எழுப்புவது, எழுப்பித் தவறாயிருந்தால் என்ன ஆகும் என்று அவர் தயங்குகிறார். திரையைவிட அந்தத் தயக்கத்தைத் தீர்ப்பதில் செலவிடப்படும் பணமே நற்செலவு.

2024-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராமிய வங்கிகளுக்கும் கணினிச் சேவை அளித்துவந்த சி-எட்ஜ் என்ற கம்பெனியைப் பிணைத்தொகை கேட்கும் வைரஸ் தாக்கியபோது, தேசியப் பட்டுவாடாக் கழகம் 31-ஆம் தேதி ஏறக்குறைய 300 சிறு வங்கிகளைப் பொது அமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்துவிட்டது. அந்த வங்கிகளின் வாடிக்கையாளர்கள் அன்று யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்ப முடியாமலும் ஏ.டி.எம்.மில் எடுக்க முடியாமலும் தவித்தார்கள். அவர்களில் பலர் மாதக் கடைசியில் கையில் வேறு பணம் இல்லாதவர்கள். சுயேச்சையான நிபுணர்களைக் கொண்டு பரிசீலனை செய்து, தொற்று பரவவில்லை என்று உறுதியானபின், மறுநாளே இணைப்பு மீண்டும் கொடுக்கப்பட்டது. ஒரு நாளின் துன்பத்தை ஏற்றுக்கொண்டு கோடிக்கணக்கானோரின் கணக்குகளைக் காத்த அந்த முடிவை எடுக்க முடிந்ததற்குக் காரணம், அதை எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில் அங்கே குழப்பமில்லாமல் இருந்ததே என்று நினைக்கிறேன். நம்முடைய ஒவ்வொரு வங்கியின் டைரக்டர்களும், ஊரின் பெயரைத் தாங்கிய சிறிய கூட்டுறவு வங்கியின் டைரக்டர்கள் உள்பட, அடுத்த கூட்டத்தில் தங்கள் நெட்வொர்க் மேலாளரை நேரில் அழைத்து உட்கார வைத்து, நடுநிசியில் ஸ்விஃப்ட் அறையின் இணைப்பை அறுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் யாருடைய அனுமதிக்காகக் காத்திருப்பார் என்று கேட்க வேண்டும். யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கவும் வேண்டும்.